பெட்டி வரும்வரை

தனவேல் செத்துப்போய் ஊருக்கு வந்து சேர்ந்த அன்று மற்ற பயணிகளைப்போலவே விமானத்தின் படிக்கட்டு வழியாகத்தான் இறங்கினார். வெயில் கூசியதால் கையைக் குடையாக நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு, முன்னால் போன கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, கட்டடத்துக்குள் நுழைந்து, பாஸ்போர்ட் காட்டும் வரிசையில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் விமானத்தின் வயிற்றைத் திறந்து, கம்பளிகளும் டிவிகளும் பால்பவுடர் டின்களும் அடைத்துக் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவிலிருந்து, ஆணியடித்த நீளமான மரப்பெட்டி ஒன்றை நாலைந்து பேர் மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெட்டிக்குள் இருந்ததும் தனவேல்தான்.

கவுண்டரில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். ஓரத்தை வெட்டி ரத்து செய்திருந்ததைக் கண்டதும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"ஓமன்ல, சலாலாங்க."

"எப்படி ஆச்சு?"

"தூக்கத்துலங்க. சாரம் கட்டிட்டு ரூமுக்கு வந்து சாப்ட்டுட்டுப் படுத்தேன். அப்புறம் எந்திரிக்கல."

அதிகாரி தலையை ஆட்டினார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "உங்க பெட்டி பெல்ட்ல வராதுங்க. கார்கோ பக்கம் போயிருக்கும். வீட்லேர்ந்து வந்து வாங்கிக்கணும். அதுவரைக்கும் லவுஞ்சுல உக்காந்திருங்க."

லவுஞ்சு என்றால் புறப்படுகிறவர்களுக்குத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தக் கதை நடந்த காலத்தில் திருச்சியில் வந்து இறங்கியவர்களுக்கென்றும் ஒன்று இருந்தது. மெத்தை நாற்காலிகள், குளியலறை, கண்ணாடிச் சுவர், ஒரு ஓரமாக உப்புமாவும் காப்பியும். ராத்திரி முழுக்கப் பறந்து வந்தவர்கள் அங்கே முகம் கழுவி, சட்டை மாற்றி, ஒரு வாய் சாப்பிட்டு, மனுஷர்களாகி வெளியே போவார்கள். இறங்கியவர் தன் பெட்டி கைக்கு வரும்வரை அங்கே இருக்கலாம் என்பது ஒன்றுதான் அங்கே விதி. அந்த விதியை எழுதியவர்கள் வேறு எதையோ நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். ஆனாலும் எழுதினது எழுதினதுதானே, செத்து வந்து இறங்குகிறவர்களும் அந்த விதிப்படியே அங்கே வந்து உட்கார்ந்தார்கள், தங்கள் பெட்டியை வீட்டார் வாங்கிக்கொண்ட நிமிஷத்தில் எழுந்து இல்லாமல் போனார்கள். வரவேற்பு மேசையில் இருந்த பாலக்கரைப் பெண் ஜெசிந்தாவுக்கு இது பழகிவிட்டது. அப்படி வருகிறவர்களுக்கு அவள் காப்பியைப் பாதி டம்ளர்தான் ஊற்றுவாள், ஏனென்றால் முழு டம்ளரைக் குடித்து முடிக்க அவர்களுக்குப் பெரும்பாலும் நேரம் இருந்ததில்லை.

தனவேல் உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றார். வந்துபோன அத்தனை வருஷத்தில் அந்தக் கண்ணாடிக் கதவைக் கடந்து ஓடியிருக்கிறாரே தவிர, அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

"செருப்பக் கழட்டணுமாங்க?" என்று கேட்டார்.

"வேண்டாண்ணே. வாங்க" என்றாள் ஜெசிந்தா.

அவர் மனைவி கோமளா அப்போது கார்கோ பக்கத்தில், ஆம்புலன்ஸுக்கும் கவுண்டருக்கும் நடுவில், கொழுந்தன் அறிவொளியோடு நின்றுகொண்டிருந்தாள். செய்தி வந்ததற்கும் பெட்டி வந்ததற்கும் இடையில் ஓடிய நாட்களில் அவள் அழுது ஓய்ந்துவிட்டிருந்தாள். இப்போது வாயெல்லாம் வறண்டு, யார் என்ன சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். கவுண்டர்காரர் பேனாவை நீட்டப்போனவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் லவுஞ்சுலதாம்மா உக்காந்திருக்கார். பாத்துட்டு வந்து கையெழுத்துப் போடுறதுன்னாலும் போடலாம். அவசரமில்ல."

ஒரு நாற்காலியின் நுனியில், கால்களைச் சேர்த்துவைத்து, கைகளைத் தொடைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டு, தாலுகா ஆபீசில் கூப்பிடக் காத்திருக்கிறவரைப்போல அவர் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"வந்துட்டியா? வெயில்ல வந்தியா? ஏதாச்சும் சாப்ட்டியாடி?"

கோமளா அவரை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தாள். போன வருஷம் அவள் எடுத்துக்கொடுத்த கட்டம்போட்ட சட்டைதான். பொத்தான் ஒன்று மாற்றித் தைத்திருந்தது, வேறு நிற நூலில்.

"செத்துட்டீங்கன்னு சொன்னாங்க."

"ஆமாம்டி."

"அப்ப இது என்னா?"

"பெட்டி வாங்குற வரைக்கும் உக்காரலாமாம்" என்றார் தனவேல், தன் தப்பு ஒன்றும் இல்லை என்பதுபோல.

அவள் கையை ஓங்கி அவர் தோளில் ஒரு அடி வைத்தாள், இன்னொன்று வைத்தாள், அப்புறம் அந்தச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அவர் நெஞ்சில் முகத்தை மோதினாள். "இந்த ஒரு தடவைதான், இந்த ஒரு தடவைதான்னு சொல்லிச் சொல்லியே போனீங்களே, ஒவ்வொரு தடவையும் அதத்தானே சொன்னீங்க" என்று அவள் கத்தியது கண்ணாடிக்கு வெளியே பெட்டிகளுக்காகக் காத்திருந்தவர்களுக்கும் கேட்டது. அவர் கையைத் தொட்டாள். மார்கழி மாசத்துக் குழாய்த் தண்ணீர் மாதிரி சில்லென்றிருந்தது. ஆனால் கை இருந்தது. ஐந்து விரலும், சாரக் கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கையும், எல்லாம் இருந்தது.

கோமளா திரும்பிப் போய் கவுண்டர்காரரிடம், "இன்னிக்கு வேணாங்க" என்றாள்.

"உங்க இஷ்டம்மா. இங்க குளிர் ரூம் இருக்கு. வெச்சிருக்கலாம்."

அறிவொளி ஆம்புலன்ஸ்காரரை வெறும் வண்டியோடு திருப்பி அனுப்பினான்.

பெரம்பலூருக்கு மேற்கே இருந்த அவர்கள் ஊரில் பந்தல் போட்டு, பறையடிப்பவர்கள் வந்து, தேர் கட்டப் பூவும் வந்து இறங்கியிருந்தது. அறிவொளி வந்து விஷயத்தைச் சொன்னபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. அடுத்து என்ன செய்வது என்பதுதான் எல்லாருக்கும் பெரிய கேள்வியாக இருந்தது. இருக்கிற ஆளுக்கு எப்படி ஒப்பாரி வைப்பது, வைக்காவிட்டால் செத்த ஆளுக்கு மரியாதையில்லையே என்று பெண்கள் ஒரு பொழுது முழுக்கப் பேசி, ஒப்பாரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்து எழுந்து மக்காச்சோளக் கொல்லைக்குப் போனார்கள். பந்தல்காரர் பிரித்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். எப்படியும் வேண்டியிருக்கும், இருக்கட்டும் என்றார்கள். இருந்ததில், அதன் நிழலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சின்ன வெங்காயத்தைக் கொட்டி ஆற வைத்தார்கள், சாயங்காலங்களில் பிள்ளைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள், கடைசியில் அதே பந்தலில் ஒரு காதுகுத்தும் நடந்து பாயசமும் ஊற்றினார்கள்.

கோமளா பூ வைக்கலாமா என்பதில்தான் ஊர் தடுமாறியது. ரேஷன் கடை வரிசையில் ஆரம்பித்த பேச்சு டெய்லர் கடைவரை போய், பால் ஊற்றும் இடத்தில் முற்றி, ஒருவழியாக ஒரு ஏற்பாட்டுக்கு வந்தது: சமயபுரம் டோல்கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் சுமங்கலி, இந்தப் பக்கம் இல்லை. அப்படியே அவளும் பஸ்ஸில் போகும்போது டோல்கேட் தாண்டியதும் மடியிலிருந்து பூவை எடுத்துத் தலையில் வைப்பாள், வரும்போது டோல்கேட் வந்ததும் எடுத்துக் கைப்பைக்குள் போடுவாள். பக்கத்துச் சீட்டில் இருப்பவர்கள் கொண்டை ஊசி தேடிக் கொடுப்பார்கள். ஒருநாள் அசதியில் தூங்கிவிட்டுப் பூவோடேயே ஊருக்குள் இறங்கிவிட்டாள். எதிரே வந்த ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் பூவை எடுக்கவும் இல்லை, ஊர் அதைப் பார்க்கவும் இல்லை.

வேன் பிடித்துக்கொண்டு ஜனங்கள் தனவேலைப் பார்க்கப் போனார்கள். விமான நிலையத்தில் உள்ளே விடுவதற்கு ஒரு சீட்டு ஏற்பாடு பண்ணினார்கள்; வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலர்களுக்கே முகங்கள் பழகி, "அண்ணனைப் பாக்கத்தானே, போங்க" என்று அவர்கள் தூக்குவாளிகளைத் திறந்துபார்ப்பதை விட்டுவிட்டார்கள். லவுஞ்சு சமையல்காரர் கோமளாவிடம் கேட்டு மிளகு ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். வாரத்துக்கு ஒருமுறை டெல்லியிலிருந்து வந்து இறங்கும் கோட் போட்ட மனிதர் ஒருவர் காப்பி குடித்தபடியே தன் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை உருவித் தனவேலிடம் நீட்டப் பழகிக்கொண்டார். கல்யாணம் வைத்திருந்தவர்கள் பத்திரிகை வைத்தார்கள். ஒரு பெண்ணுக்குப் பார்த்திருந்த மஸ்கட் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டார்கள். அங்கேயே பெரியவர்கள் சிலர் கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தார்கள். அவர் கூச்சப்பட்டு எழுந்து நின்றுகொண்டார்.

மேலத்தெரு பாக்கியம் மட்டும் எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து, தனியாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வீட்டுக்காரர் இறந்து வெகுகாலம் ஆகிறது.

"தம்பி, அவரப் பாத்தா ஒண்ணு சொல்லணும்."

"நான் இன்னும் அந்தப் பக்கம் போகலையேக்கா. இங்கனதானே உக்காந்திருக்கேன்."

"போறப்பச் சொல்லு."

"சரிக்கா, என்னா சொல்லணும்?"

பாக்கியம் முந்தானையைத் திருகினாள். இத்தனை வருஷம் மனசுக்குள் சேர்த்துவைத்தது எதுவும் அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை. "கெணத்து மோட்டார் ரிப்பேர் பண்ணியாச்சுன்னு சொல்லு. நல்லா ஓடுதுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இப்படி ஊரும் உலகமும் தனவேலின் சாவை ஒரு வசதியான இடத்தில் உட்காரவைத்துவிட்டதில், கோமளாவுக்கு வாழ்க்கையில் முதல்தடவையாகப் புருஷன் கிடைத்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் ஊரில் இருந்த விடுப்புகளையெல்லாம் ஒட்டவைத்தால் ஒரு குழந்தை தட்டுத்தடுமாறி நடக்கப் பழகும் காலம்கூடத் தேறாது. வந்த நாட்களிலும் கல்யாணம், காரியம், பேங்கு, செங்கல், சிமெண்டு என்று பறந்துகொண்டிருப்பாரே தவிர, அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்ததில்லை. இப்போது உட்கார்ந்திருந்தார். காலையில் வேலையை முடித்துவிட்டு அவள் பஸ் ஏறுவாள், வெயில் சாயும்வரை அவரோடு இருப்பாள். பேசினார்கள், சண்டை போட்டார்கள், ஒன்றுமே பேசாமல் கண்ணாடிக்கு வெளியே பெல்ட்டில் சுற்றிச்சுற்றி வரும் யாரோ ஒருவரின் சிவப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வைக்கும் கருவாட்டுக் குழம்பு அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது என்பதை அப்போதுதான் சொன்னார்.

"அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் ரெண்டாந்தரம் வாங்கித் தின்னீங்க?"

"நீ ஆசையா வெச்ச."

"நீங்க ஆசையாத் திங்கிறீங்கன்னுதானே வெச்சேன்! எனக்கு அந்த வாடையே ஆகாது!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஜெசிந்தா மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

சிரித்து முடித்த இடத்தில்தான் கோமளா அதைச் சொன்னாள். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகத் திறந்துகொண்டது. "மகளுக்கு நாலு வயசு இருக்கப்ப எனக்குக் காய்ச்சல்னு சொன்னேனே, ஆஸ்பத்திரில இருந்தேனே, அது காய்ச்சல் இல்ல. இன்னொண்ணு தங்குச்சு. அஞ்சாம் மாசத்துல போயிருச்சு. பையன்னு சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லல. ஒண்டியாக் கெடந்து அழுவீங்களேன்னு சொல்லல."

தனவேல் பெல்ட்டையே பார்த்தார். பெல்ட் நின்றது, இன்னொரு விமானத்துக்காக மறுபடி ஓடத் தொடங்கியது.

"பேரு ஏதாச்சும் நெனச்சு வெச்சிருந்தியா?" என்று கேட்டார்.

"நீங்க வந்து வைக்கலாம்னு இருந்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தன் காலைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கும் நெஞ்சு வலிச்சுச்சுடி. இது மொத தடவை இல்ல. ரெண்டு தடவை முன்னாடியே வந்துச்சு. நீ பயந்துக்குவேன்னு சொல்லல."

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒருத்தரையொருத்தர் கவலைப்படவிடாமல் காப்பாற்றிக் காப்பாற்றியே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றி என்ன செய்ய? அந்தக் கை மடியில் கனத்தது. சேலையைத் தாண்டி அதன் குளிர் தொடைக்குள் இறங்கியது.

மகள் தர்ஷினி எட்டாவது படித்தாள். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டு ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிவந்தாள் கோமளா. பிள்ளை அப்பாவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள்.

"நல்லாப் படிக்கிறியாம்மா?"

"ம்."

"சாப்ட்டியா?"

"ம்."

அவ்வளவுதான். தினம் சாயங்காலம் செல்போன் நிறையக் கண்ணும் மூக்குமாகத் தெரிந்த அப்பாவிடம் ஓயாமல் கதையளந்த பிள்ளை, முழு ஆளாக, காலும் கையுமாக, எதிரே உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்துப் பேச்சுவராமல் தவித்தாள். அவருக்கும் நெற்றியில் வியர்க்காத குறை. ஜெசிந்தாதான் எழுந்துவந்து பிள்ளையைத் தன் மேசைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, அங்கிருந்த போனை எடுத்துக் கையில் கொடுத்தாள். தனவேல் பக்கத்தில் சுவரில் மாட்டியிருந்த போன் மணியடித்தது.

"ஹலோ" என்றார் தனவேல்.

"அப்பா!" என்றாள் தர்ஷினி.

பிறகு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, கூப்பிடு தூரம்கூட இல்லாத அந்த இடைவெளியில், அறிவியல் டீச்சரைப் பற்றியும், பஸ்ஸில் சீட் பிடிக்கிற சிநேகிதியைப் பற்றியும், மாடியறைக்கு அடித்த பெயிண்ட் தனக்குப் பிடிக்கவில்லை என்பதைப் பற்றியும் பேசித் தீர்த்தார்கள். கோமளா நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கம் ஒரு காதும் அந்தப் பக்கம் ஒரு காதுமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ மொதல்ல வை", "இல்ல, நீங்க வைங்கப்பா" என்று கடைசியில் நெடுநேரம் இழுபறியாக ஓடியது.

ஆடி போய் ஆவணி வந்தபோது தனவேலுக்குக் குளிர ஆரம்பித்தது. முதலில் அவர் அதைச் சொல்லவில்லை. கோமளா கொடுத்த காப்பி டம்ளர் அவர் கையில் போனதும் ஆவி அடங்கிப்போவதைக் கண்டுதான் அவளுக்குத் தெரிந்தது. போர்வை கொண்டுவந்தாள், கம்பளி கொண்டுவந்தாள், ஊர்ப்பெண்கள் ஆளுக்கொன்றாகப் பழைய ஸ்வெட்டர்கள் கொடுத்தனுப்பினார்கள். எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். எல்லாமே சில்லிட்டுப் போயின. புருவத்தில் உப்புப் பூத்ததுபோல வெள்ளையாக ஏதோ படிய ஆரம்பித்தது. அவள் முந்தானையால் துடைப்பாள், மறுநாள் மறுபடி படிந்திருக்கும். பேச்சும் உறைய ஆரம்பித்தது. ஒருநாள் அறிவொளியைப் பார்த்து "யாரு, சூப்பர்வைசர் சாருங்களா?" என்று எழுந்து நின்றார். அறிவொளி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

"ஏங்க, குளுருதா?" என்று கேட்டாள் கோமளா.

"அதெல்லாம் இல்லடி" என்றார் அவர். பல் கிட்டித்தது.

அன்று அவள் கிளம்பும்போது ஜெசிந்தா வாசல்வரை கூட வந்தாள். "அக்கா, நான் சொல்லக்கூடாது. இதுக்கு முன்னாடி ஒரு சையது பாய் இருந்தாரு, மலேசியாலேர்ந்து வந்தவரு. அவரு மகன் வெளிநாட்டுல மாட்டிக்கிட்டு, ரொம்பக் காலம் கழிச்சுத்தான் வர முடிஞ்சுது. பாய் அத்தன நாளும் மகன் பேரத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு. கடைசில அந்தப் பையன் வந்து முன்னாடி நின்னப்ப, அவருக்கு அது யாருன்னு தெரியலக்கா. பெட்டிதாங்க்கா குளிர் ரூம்ல கெடக்கு. குளுரு இவருக்குத்தான் ஏறுது."

கோமளா பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஊர்வரை கண்ணைச் சிமிட்டாமல் வந்தாள். அவர் ஒருநாளும் தனக்கு இது வேண்டும் என்று கேட்டவர் இல்லை. இப்போதும் கேட்க மாட்டார். உறைந்து கட்டையாகிற வரைக்கும் அவளுக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பார். அதை நினைக்க நினைக்க அவளுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபம் முழுக்க அவளைத்தான் சுட்டது. வீட்டுக்கு வந்ததும் பந்தலுக்கு அடியில் கிடந்த வெங்காயத்தை ஒதுக்கச் சொன்னாள். ஊருக்கு விஷயம் புரிய அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் தர்ஷினியும் வந்து, மேசைப் போனில் அப்பாவிடம் பேசினாள். இந்தத் தடவை அவளே முதலில் வைத்தாள். வைத்துவிட்டு ஓடிவந்து, முதன்முதலாக, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் கன்னம் சில்லிட்டுச் சிவந்துபோனது. அறிவொளி அவளை வெளியே கூட்டிப்போனான், போகும்போது, "அண்ணி, கையெழுத்து நான் போடுறேன். நீங்க அண்ணன்கூடவே இருங்க" என்றான். அதைக் கவுண்டரில் கேட்டும் வந்தான். சம்சாரம் இருக்கும்போது சம்சாரம்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

கார்கோ கட்டடம் லவுஞ்சிலிருந்து தள்ளி, வண்டி நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர் பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால் பெட்டியை வாங்க முடியாது. பெட்டியை வாங்க வேண்டுமென்றால் அவரை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

கோமளா அவர் புருவத்தைத் துடைத்தாள். சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "நான் போயிட்டு வந்துர்றேங்க" என்றாள். எத்தனை தடவை இவர் இதே வார்த்தையைத் தன்னிடம் சொல்லியிருக்கிறார் என்று, சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். அன்றைக்கு அவர் முகம் தெளிவாக இருந்தது. கண்ணாடிக் கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்பிடித்தான் இருக்குமாடி?" என்று கேட்டார். "நான் கெளம்பிப் போறப்பெல்லாம், நிக்கிறவங்களுக்கு இப்பிடித்தான் இருக்குமா?"

"இப்பிடித்தான் இருக்கும்."

"எனக்குத் தெரியாதுடி."

"ஒரு தடவையாச்சும் திரும்பிப் பாப்பீங்களான்னு நின்னுகிட்டே இருப்பேன். கூட்டத்துல உங்க தலை மறையிற வரைக்கும் நிப்பேன். நீங்க பாத்ததே இல்ல. கல்லு மனசுன்னு நெனச்சுக்குவேன்."

தனவேல் என்னவோ சொல்ல வாயெடுத்தார். உதடு குளிரில் ஒட்டிக்கொண்டது. சொல்லாமல் அவள் தலையிலிருந்த பூவைத் தொட்டு, சரிந்திருந்ததை விறைத்த விரல்களால் மேலே தள்ளிவைத்தார்.

"போ. வெயில் ஏறிடும்" என்றார்.

அவள் நடந்தாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது, பின்னால் தானாக மூடியது. பெல்ட்டைத் தாண்டி, தள்ளுவண்டிகளோடு நின்றவர்களைத் தாண்டி, கம்பிக்கு அந்தப் பக்கம் பேர் எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி, வெயிலில் இறங்கி, நிறுத்தத்தைக் குறுக்காகக் கடந்து போனாள். முதுகு முழுக்க அவர் பார்வை இருந்தது. கவுண்டர்காரர் "யாரும்மா வாங்கிக்கிறது?" என்று கேட்டார். "நான்தாங்க. அவரு வீட்டுக்காரி" என்றாள். பேனா எழுதியது. உருளைகளின்மேல் கடகடவென்று மரப்பெட்டி வெளியே வந்தது. பிடிக்க வந்தவர்கள் ஒரு நிமிஷம் ஒதுங்கி நிற்க, அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, மரம் மெல்ல மெல்ல வெயிலில் சூடாகிற வரைக்கும் எடுக்காமல் நின்றாள்.

அன்று மாலை ஊர் ஒத்திவைத்திருந்த ஒப்பாரி மொத்தமும் அந்தப் பந்தலின் கீழ் இறங்கியது. அவர் செல்போனில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த தரைக்கல்லின்மேல், ஒருநாளும் படுத்திராத புது வீட்டுக் கூடத்தில், அவரை இறக்கிவைத்தார்கள். பாக்கியம் காலடியில் நின்று குனிந்து என்னவோ காதோடு ஞாபகப்படுத்தினாள். இருட்டும் முன்னால் எல்லாம் முடிந்தது.

கருமாதிக்கு ஜெசிந்தா வந்திருந்தாள். இலையில் உட்காராமல், கோமளா தனியாகும்வரை காத்திருந்து, உள்ளறையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கோமளாவின் நெற்றி வெறுமையாக இருந்தது.

"கடைசில என்ன பண்ணாரு?" என்று கேட்டாள் கோமளா.

"கண்ணாடிகிட்ட வந்து நின்னாருக்கா. நீங்க அந்தக் கடைசிவரைக்கும் போறதப் பாத்துக்கிட்டே நின்னாரு. கைய அசைச்சுக்கிட்டே இருந்தாரு. நீங்க மறைஞ்ச பெறகும் அசைச்சாரு. அப்புறம் கண்ணாடில கை பட்ட எடம் மட்டும் கொஞ்ச நேரம் ஈரமா இருந்துச்சு." ஜெசிந்தா தயங்கினாள். "ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கலாமேக்கா."

கோமளா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பியிருந்தா நான் போயிருக்க மாட்டேம்மா" என்றாள்.

சொல்லி முடித்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் புறப்பட்டுப்போன ஒவ்வொரு நாளும், கூட்டத்தில் மறைந்த அவருடைய பின்னந்தலையும், திரும்பாமல் விறைத்துப்போன அந்தக் கழுத்தும், ஒன்றன்பின் ஒன்றாக அவளிடம் வந்தன.